ஆகாயத்தில் போட்ட வேலிகள்: அமெரிக்காவின் தனியார் விமானிகளும் வான்பரப்பு விதிகளும்

அமெரிக்காவில் தனியார் விமானி லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர், வானம் தெளிந்த ஒரு நாளில் ஊர்க்கோடியில் இருக்கும் சின்ன விமானத்தளத்துக்குப் போய், தன் செஸ்னா ரகச் சிறு விமானத்தை வெளியே இழுத்து, எஞ்சினைக் கிளப்பிப் பறந்துவிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்கே போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டவர் இல்லாத தளமாக இருந்தால் ரேடியோகூடக் கட்டாயமில்லை. அந்த நாட்டில் பொதுப் பயன்பாட்டில் உள்ள சுமார் 5,000 விமானத்தளங்களில் டவர் இருப்பவை 500 சொச்சம்தான். மற்ற இடங்களில் விமானிகளே தங்களுக்குள் ரேடியோவில் சொல்லிக்கொண்டு, வட்டமடித்து, முறை வைத்து இறங்கிக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் பறந்து பழகியவருக்கு இது நம்ப முடியாத கதை. இங்கே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சின்ன விமானத்தில் போவதென்றாலும் பயணத் திட்டம் கொடுத்து, ராணுவத் தரப்பிலிருந்து வான்பாதுகாப்பு அனுமதி எண் வாங்கிய பிறகே சக்கரம் தரையை விட்டு எழும். நாம் கேட்டுவிட்டுப் போகிறோம். அவர்கள் யாரும் தடுக்காதவரை போகிறார்கள்.

சரி, தடுத்திருக்கும் இடங்கள் எவை, எப்போது தடுத்தார்கள் என்று தேடிப் பார்த்தால் ஒரு சங்கதி புலப்படும். அங்கே வான்பரப்பில் போட்டிருக்கும் கோடுகளில் பலவற்றுக்கு ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் ஒரு விபத்து இருக்கிறது. விமானியின் கண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற ஒரே கேள்விக்கு, ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எழுதிய பதில்தான் இந்த விதிகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோழிப்பண்ணை வழக்கு

முதலில் ஆகாயம் யாருடையது என்பதே தீராமல் இருந்தது. நிலம் யாருடையதோ, அதற்கு நேர்மேலே வானம் முழுவதும் அவருடையது என்பது பழைய ஆங்கிலச் சட்ட மரபு. வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ நகருக்குப் பக்கத்தில் காஸ்பி குடும்பத்தார் கோழிப்பண்ணை வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பக்கத்து விமானத்தளத்துக்கு ராணுவக் குண்டுவீச்சு விமானங்கள் வந்து இறங்க ஆரம்பித்தன. இறங்கும் பாதை அவர்கள் நிலத்துக்கு மேல் 83 அடியில் போனது. வீட்டுக் கூரையிலிருந்து கணக்குப் போட்டால் 67 அடி. சத்தத்தில் மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. மொத்தம் 150 கோழிகள் போக, பண்ணையை மூடவேண்டியதாயிற்று.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1946இல் தீர்ப்பானது. வானம் முழுவதும் நிலச் சொந்தக்காரருக்கு என்ற மரபு இந்தக் காலத்துக்குச் செல்லாது, ஆகாயம் பொதுவழி என்றது நீதிமன்றம். ஆனால் நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவு தாழ்ந்த வெளி நிலத்துக்காரருடையதே, அதைக் கெடுத்ததால் நஷ்டஈடு கொடு என்றும் சொன்னது. விமானி எவ்வளவு தாழப் பறக்கலாம் என்ற விதிக்கு இந்தத் தீர்ப்புக்குப் பிறகு தனி எடை வந்தது. நெருக்கமான ஊருக்கு மேல் போனால், சுற்றிலும் 2,000 அடிக்குள் இருக்கும் மிக உயர்ந்த கட்டடத்தைவிட 1,000 அடி மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 500 அடி. கடலிலோ ஆளரவமற்ற காட்டிலோ அதைவிடத் தாழலாம், ஆனால் எந்த மனிதர், படகு, வண்டி, கட்டடத்துக்கும் 500 அடிக்குள் நெருங்கக்கூடாது. ஏறுவதும் இறங்குவதும் கணக்கில் வராது.

லைசென்ஸ் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 17 வயது, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு, எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, மருத்துவத் தகுதி. நடைமுறையில் பெரும்பாலோருக்கு 60 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. கையில் வந்த பிறகும், பயணிகளை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாட்களில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கொரு முறை பயிற்சியாளரோடு பறந்து காட்ட வேண்டும். குடித்து எட்டு மணி நேரம் ஆகாமல் தொடக்கூடாது. கூலிக்கு ஆள் ஏற்றக்கூடாது. கூட வரும் நண்பர்களோடு பெட்ரோல் செலவைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம், ஒரு டாலர்கூட மிச்சம் பார்க்கக்கூடாது. இதை இணையத்தில் ஷேர் டாக்ஸி மாதிரி நடத்தப் பார்த்த ஒரு நிறுவனத்தை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் நிறுத்திவைத்தது.

பார், விலகு

எல்லா விதிகளுக்கும் அடியில் கிடப்பது ஒரே விதி: மற்ற விமானத்தைக் கண்ணால் பார், பார்த்தால் விலகு. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற வரிசை கப்பல் மரபிலிருந்து வந்தது. இரண்டு பேர் குறுக்கே சந்தித்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு முன்னுரிமை. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். முந்துகிறவர் வலப்பக்கமாக முந்த வேண்டும். திருப்பும் வசதி குறைந்தவருக்கு அதிகம் உள்ளவர் வழிவிட வேண்டும் என்பதால், பலூனுக்கு, எஞ்சின் இல்லாத கிளைடர் ஒதுங்கும், கிளைடருக்கு எஞ்சின் விமானம் ஒதுங்கும். ஆபத்தில் இருப்பவருக்கு எல்லோரும் ஒதுங்க வேண்டும்.

உயரத்திலும் ஒரு ஒழுங்கு. தரையிலிருந்து 3,000 அடிக்கு மேலே போனால், கிழக்கு நோக்கிப் போகிறவர் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 சேர்த்துப் பறக்க வேண்டும்: 3,500, 5,500, 7,500. மேற்கு நோக்கி என்றால் 4,500, 6,500. ஆக எதிரெதிரே வருகிறவர்களுக்கு நடுவில் 1,000 அடி கிடைக்கிறது. கருவிகளை மட்டும் நம்பி, தரையிலிருந்து வழிநடத்தும் கன்ட்ரோலர் சொற்படி பறக்கிறவர்கள் முழு ஆயிரங்களில் போகிறார்கள்.

கண்ணை நம்பினால் மேகத்தை விட்டு விலகித்தான் ஆகவேண்டும். பெரும்பாலான இடங்களில் மூன்று மைல் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேகத்துக்கு 1,000 அடி மேலே, 500 அடி கீழே, பக்கவாட்டில் 2,000 அடி தள்ளி இருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிகளில் இதை 'மூன்று செஸ்னா 152' என்று மனப்பாடம் செய்கிறார்கள். மூன்று மைல், அப்புறம் ஒன்று, ஐந்து, இரண்டு. செஸ்னா 152 அவர்கள் தினமும் ஏறி உட்காரும் பயிற்சி விமானம் என்பதால் மறக்காது. மேகத்துக்குள்ளிருந்து திடீரென்று ஒரு ஜெட் வெளியே வந்தால், பார்த்து ஒதுங்க இருவருக்கும் கொஞ்சம் நேரம் வேண்டுமே, அதற்குத்தான் இந்த இடைவெளி.

அந்தக் 'கொஞ்சம் நேரம்' எவ்வளவு? ஒரு விமானத்தைக் கண்டு, அது விமானம்தான் என்று புரிந்து, மோதப் போகிறது என்று உணர்ந்து, கையை அசைத்து, விமானம் திரும்பும் வரைக்கும் சுமார் 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் அறிவுரைக் குறிப்பே சொல்கிறது. இதில் இன்னொரு விவகாரமும் இருக்கிறது. மோதும் பாதையில் வருகிற விமானம் கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் ஒரு புள்ளியாக நிற்கும். மனிதக் கண்ணோ நகர்வதைத்தான் சட்டென்று பிடிக்கும். நகராத புள்ளி கண்ணாடியில் ஒட்டிய பூச்சி மாதிரிதான் இருக்கும், கடைசி சில விநாடிகளில் மளமளவென்று பெரிதாகும்.

கண் தோற்ற நாட்கள்

1956 ஜூன் 30 காலை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு பயணி விமானங்கள் கிளம்பின. ஒன்று டி.டபிள்யூ.ஏ., இன்னொன்று யுனைட்டெட். டி.டபிள்யூ.ஏ. விமானி 21,000 அடி கேட்டார். அங்கே யுனைட்டெட் இருப்பதால் கன்ட்ரோலர் மறுத்தார். அப்படியானால் மேகத்துக்கு 1,000 அடி மேலே போகிறேன் என்றார், கிடைத்தது. மேகம் உயர, அவரும் உயர்ந்து அதே 21,000 அடிக்குப் போய்ச் சேர்ந்தார். கிராண்ட் கேன்யனுக்கு மேலே இரண்டும் மோதின. 128 பேரும் இறந்தார்கள். அந்த வெளி யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. கன்ட்ரோலர் விதிப்படியே நடந்திருந்தார். விமானிகள் ஒருவரையொருவர் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அன்றைய ஏற்பாடு.

இரண்டு வருடத்தில், 1958இல், புதிய விமானச் சட்டம் வந்தது, எஃப்.ஏ.ஏ. பிறந்தது. இன்று 18,000 அடிக்கு மேலே கண்ணை நம்பிப் பறக்கவே முடியாது. அங்கே எல்லோரும் கன்ட்ரோலர் கையில். வான்பரப்பைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் இது ஏ வகுப்பு. சின்ன விமானத்துக்காரர் அந்தப் பக்கம் போவது அபூர்வம். வகுப்பு எழுத்துகள் 1993இல் உலகப் பொது முறைக்கு ஏற்ப வந்தவை. அதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளமான பெயர் இருந்தது.

பி வகுப்புதான் தனியார் விமானிகளுக்கு வயிற்றைக் கலக்கும் வகுப்பு. நியூயார்க், சிகாகோ, அட்லாண்டா, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற முப்பதுக்கும் மேற்பட்ட நெரிசல் விமான நிலையங்களைச் சுற்றியிருப்பது இது. கோபுரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தியது போல, கீழே குறுகி மேலே போகப் போக அடுக்கடுக்காக அகலும். வழக்கமாக உச்சி 10,000 அடி. வரைபடத்தில் அழுத்தமான நீலக் கோடுகள், ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் பின்னம் மாதிரி இரண்டு எண்கள். மேலே 100, கீழே 30 என்று இருந்தால் அந்த அடுக்கு 3,000 அடியில் தொடங்கி 10,000 அடியில் முடிகிறது. 2,900 அடியில் போகிறவருக்கு எந்தத் தடையும் இல்லை. 3,000 அடியில் போக வேண்டுமானால் கன்ட்ரோலர் 'பிராவோவுக்குள் நுழைய அனுமதி' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பி எழுத்துக்கு ரேடியோவில் பிராவோ என்று பெயர்.

சி வகுப்பு அடுத்த நிலை. நடுத்தர நிலையங்களைச் சுற்றிப் பத்துக் கடல் மைல், 4,000 அடி உயரம் வரை. இங்கே அனுமதி என்ற சொல்லே தேவையில்லை, இருவழிப் பேச்சு தொடங்கியிருந்தால் போதும். பேச்சு தொடங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? கன்ட்ரோலர் உங்கள் விமானத்தின் எண்ணைச் சொல்லி 'காத்திருங்கள்' என்றால் உள்ளே போகலாம். எண்ணைச் சொல்லாமல் 'கூப்பிட்ட விமானம், காத்திருங்கள்' என்றால் போகக்கூடாது, வெளியே வட்டமடிக்க வேண்டியதுதான். முதல் தடவை கேட்கிறவர்களுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் தன்னோடு பேசுவது யார் என்று கன்ட்ரோலருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் அந்த எண்ணில் இருக்கிறது. டவர் உள்ள சிறு தளங்களின் டி வகுப்புக்கும் இதே பேச்சு விதிதான். மிச்சமெல்லாம் இ, ஜி. நாட்டின் பெரும்பகுதி ஆகாயம் இவைதான். ஜி வகுப்பில் பகல் நேரத்தில் தாழப் பறக்கிறவருக்கு ஒரு மைல் தெரிந்தால் போதும், மேகத்துக்குள் நுழையாமல் இருந்தால் சரி.

பி வகுப்பின் எல்லைகளுக்குப் பின்னால் இரண்டு கலிபோர்னியா விபத்துகள் உண்டு. 1978 செப்டம்பர் 25, சான் டியேகோ. இறங்க வந்த பி.எஸ்.ஏ. போயிங் 727 விமானத்தின் குழுவினரிடம் முன்னால் ஒரு செஸ்னா இருப்பதைக் கன்ட்ரோலர் சொன்னார். பார்த்துவிட்டோம் என்றார்கள். அப்புறம் அது கண்ணிலிருந்து மறைந்தது. தாண்டிப் போயிருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். செஸ்னாவும் தனக்குச் சொன்ன திசையிலிருந்து மாறியிருந்தது. மோதல் எச்சரிக்கை கன்ட்ரோலர் அறையில் ஒலித்தும், விமானிகள் பார்த்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையில் யாரும் குறுக்கிடவில்லை. தரையில் இருந்த ஏழு பேரோடு சேர்த்து 144 பேர் இறந்தார்கள். சான் டியேகோவுக்கு அப்போது பி வகுப்பின் முன்னோடியான கட்டுப்பாட்டு வட்டம் கிடையாது. 1980இல் வந்தது.

வட்டம் இருந்தால் மட்டும் போதுமா? 1986 ஆகஸ்ட் 31, லாஸ் ஏஞ்சலஸ். வட்டம் இருந்தது. டாரன்ஸ் தளத்திலிருந்து பிக் பேர் மலைக்குக் குடும்பத்தோடு கிளம்பிய ஒரு பைப்பர் விமானம் தவறுதலாக அதற்குள் புகுந்துவிட்டது. ரேடாருக்குப் பதில் அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர் கருவி இருக்கும் இடத்தைக் காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. கீழே இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்ஸிகோ டி.சி.-9 அதோடு மோதி செரிட்டோஸ் என்ற குடியிருப்பில் விழுந்தது. வானத்தில் 67 பேர், தரையில் 15 பேர். இதற்குப் பிறகுதான் பெரிய நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் உயரம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானது. 30க்கு மேல் இருக்கைகள் கொண்ட பயணி விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி வைக்க வேண்டும் என்று 1987இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமே போட்டது.

இத்தனைக்கும் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பன்னாட்டு விமான நிலையத்தின் நேர்மேலே ஒரு பாதை இன்னும் திறந்திருக்கிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். தென்கிழக்கே போகிறவர் 3,500 அடி, வடமேற்கே போகிறவர் 4,500 அடி, வேகம் மணிக்கு 140 கடல் மைலுக்கு மிகாமல், டிரான்ஸ்பாண்டரில் 1201 என்று வைத்துக்கொண்டு, பொது அலைவரிசையில் தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு கடக்கலாம். கன்ட்ரோலரிடம் கேட்க வேண்டியதில்லை. கீழே ஜெட் விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஓடுபாதைக்கு நேர்மேலே இருக்கும் வெளியில் ஜெட்டுகளுக்கு வேலை கிடையாது, அவை ஓடுபாதையின் இரண்டு முனைகளிலும்தான் ஏறி இறங்கும் என்ற எளிய கணக்குதான் இதற்கு அடிப்படை.

ஹட்சன் ஆற்றின் மேலே

வேலி அதிகமானால் ஒரு பக்க விளைவு உண்டு: வெளியே நிற்கிறவர்கள் எல்லோரும் மிச்சமிருக்கும் சந்துக்குள் வந்து சேர்கிறார்கள். நியூயார்க்கில் நடந்தது அதுதான். கென்னடி, லாகார்டியா, நூவர்க் என்று மூன்று பெரிய நிலையங்களின் பி வகுப்பு நகரையே மூடியிருக்கிறது. ஹட்சன் ஆற்றின் மேலும் கிழக்கு ஆற்றின் மேலும் மட்டும் தண்ணீரிலிருந்து ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலே வரை இடைவெளி விட்டிருந்தார்கள். சுதந்திரதேவி சிலையைப் பார்க்க வரும் சின்ன விமானங்கள், சுற்றுலா ஹெலிகாப்டர்கள், செய்தி ஹெலிகாப்டர்கள் எல்லாம் அந்தச் சந்தில்தான்.

2006 அக்டோபர் 11 அன்று யாங்கீஸ் பேஸ்பால் அணியின் பந்துவீச்சாளர் கோரி லைடில் தன் பயிற்சியாளரோடு சிரஸ் விமானத்தில் கிழக்கு ஆற்றின் மேல் போனார். அந்தப் பாதை ஒரு முனையில் முட்டுச்சந்து. திரும்பி வரத்தான் வேண்டும். குறுகிய இடம், கிழக்கிலிருந்து காற்று. திருப்பம் அகன்று, 72ஆம் தெருவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதி இருவரும் இறந்தார்கள். அதன்பின் இறக்கை விமானங்கள் கன்ட்ரோலர் அனுமதியில்லாமல் அந்தச் சந்துக்குள் போக முடியாது.

2009 ஆகஸ்ட் 8 அன்று ஹட்சனின் முறை. பக்கத்திலிருக்கும் டெட்டர்பரோ தளத்திலிருந்து கிளம்பிய ஒரு பைப்பர், கீழேயிருந்து ஏறிவந்த சுற்றுலா ஹெலிகாப்டரோடு ஹோபோக்கன் அருகே சுமார் 1,100 அடியில் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் இத்தாலியிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள். டெட்டர்பரோ கன்ட்ரோலர் அந்த நேரம் வேலைக்குச் சம்பந்தமில்லாத தொலைபேசிப் பேச்சில் இருந்தார். பைப்பர் விமானி அடுத்த கன்ட்ரோலரின் அலைவரிசையைத் தவறாகக் கேட்டுக்கொண்டார், அவரோடு பேசவே இல்லை. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், காரணங்களில் கன்ட்ரோலரின் கவனச் சிதறலோடு 'பார்த்து விலகு' என்ற முறைக்கே உள்ள எல்லையையும் சேர்த்து எழுதியது. விமானியைத் திட்டி முடித்துவிடாமல் முறையையே குறைசொன்ன அந்த வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே ஆண்டு நவம்பரில் ஹட்சனுக்குத் தனி விதி வந்தது. ஊரைக் கடந்துபோகிறவர்கள் 1,000 அடிக்கும் 1,300 அடிக்கும் நடுவில். ஆற்றோரம் சுற்றிக்கொண்டும் ஏறி இறங்கிக்கொண்டும் இருப்பவர்கள் 1,000 அடிக்குக் கீழே. வடக்கே போகிறவர் மன்ஹாட்டன் கரை, தெற்கே போகிறவர் நியூஜெர்சி கரை, சாலையில் வலப்பக்கம் ஓட்டுவது மாதிரி. விளக்குகள் எரிய வேண்டும், மணிக்கு 140 கடல் மைலுக்கு மேல் போகக்கூடாது. 123.05 அலைவரிசையில் குறிப்பிட்ட இடங்களைத் தாண்டும்போதெல்லாம் குரல் கொடுக்க வேண்டும்: ஆல்பைன் கோபுரம், ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், இன்ட்ரெபிட் கப்பல், ஜெர்சி சிட்டியின் பழைய கோல்கேட் கடிகாரம், சிலை, வெரசானோ பாலம். அந்த அலைவரிசையைக் கேட்டால், 'சிவப்பு வெள்ளை செஸ்னா, கடிகாரம், தெற்கே, 1,100' என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிக்கொண்டே போவார்கள். கன்ட்ரோலர் இன்னமும் கிடையாது. கண்ணுக்குத் துணையாகக் காதைச் சேர்த்திருக்கிறார்கள்.

விபத்தில்லாமல் வந்த வேலிகள்

எல்லா வேலியும் மோதலால் வந்ததல்ல. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு வந்தவை வேறு ரகம். அவற்றின் கேள்வி கண்ணைப் பற்றியது இல்லை, நோக்கத்தைப் பற்றியது. 2003இல் வாஷிங்டனைச் சுற்றி 30 கடல் மைல் வட்டம் போட்டார்கள். பயணத் திட்டம், தனி டிரான்ஸ்பாண்டர் எண், இடைவிடாத ரேடியோத் தொடர்பு, மூன்றும் இல்லாமல் நுழைய முடியாது. அதற்குள் இன்னொரு உள்வட்டம். ரைட் சகோதரர்களில் வில்பர் 1909இல் ராணுவ அதிகாரிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த காலேஜ் பார்க் தளம் இந்த உள்வட்டத்தில் மாட்டிக்கொண்டது. அங்கே விமானம் வைத்திருப்பவர்கள் கைரேகை கொடுத்துப் பின்னணி விசாரணை முடிந்த பிறகே தங்கள் சொந்த விமானத்தைத் தொட முடியும்.

2005 மே 11 அன்று பென்சில்வேனியாவிலிருந்து வட கரோலினாவுக்குப் போன ஒரு பழைய செஸ்னா 150, அதில் ஒரு விமானி, ஒரு மாணவர், வழி தவறி இந்த வட்டத்துக்குள் நுழைந்து வெள்ளை மாளிகைக்கு மூன்று மைல் வரை வந்துவிட்டது. எஃப்-16 விமானங்கள் ஒளிக்குண்டு வீசி எச்சரித்தன. நாடாளுமன்றத்திலிருந்து ஆட்கள் தலைதெறிக்க ஓடிய காட்சியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. விமானியின் லைசென்ஸ் பறிபோனது. இப்போது வாஷிங்டனைச் சுற்றி 60 கடல் மைலுக்குள் கண்ணை நம்பிப் பறக்க விரும்புகிற எந்த விமானியும் அதற்கான பாடத்தை ஒருமுறை படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும்.

தற்காலிகத் தடைகளும் உண்டு. அதிபர் எங்கே போனாலும் அவரோடு 30 கடல் மைல் வட்டம் ஒன்றும் போகும். பெரிய மைதானங்களில் முக்கியப் பந்தயம் நடந்தால், தொடங்குவதற்கு ஒரு மணி முன்பிருந்து முடிந்து ஒரு மணி வரை மூன்று கடல் மைலுக்குள், 3,000 அடிக்குக் கீழே போகக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், எந்த மைதானத்தில் எப்போது ஆட்டம் என்று அந்த அறிவிப்பில் இருக்காது. விமானியே தேடிக்கொள்ள வேண்டும். பேஸ்பாலில் ஆட்டம் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? டிஸ்னிலாந்துக்கு மேலேயும் 2003 முதல் இப்படி ஒரு வட்டம் நிற்கிறது. பாதுகாப்புக்கா, பூங்காவுக்கு மேலே விளம்பரத் துணி இழுத்துப்போகும் விமானங்களை விரட்டவா என்ற சந்தேகம் விமானிகளிடம் அன்றிலிருந்து இருக்கிறது.

தவறுதலாக இப்படி ஒரு கோட்டைத் தாண்டிவிட்டவருக்கு ஒரு வழி இருக்கிறது. பத்து நாட்களுக்குள் நடந்ததை எழுதி நாசாவுக்கு அனுப்ப வேண்டும். விண்வெளி நாசாவேதான். 1974 டிசம்பரில் ஒரு டி.டபிள்யூ.ஏ. விமானம் வாஷிங்டன் அருகே மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். ஆறு வாரத்துக்கு முன் இன்னொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கித் தப்பியிருந்தது, அந்தத் தகவல் அந்த நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. தண்டனை கொடுக்கும் எஃப்.ஏ.ஏ.விடம் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள் என்பதால், 1976இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டை நாசா கையில் கொடுத்தார்கள். வேண்டுமென்றே செய்யாத, விபத்தில் முடியாத தவறு என்றால், விதி மீறினார் என்று பதிவானாலும் அபராதமோ லைசென்ஸ் முடக்கமோ இருக்காது. வேலிகள் தவறான இடத்தில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் இந்தக் கடிதங்கள்தான் உதவுகின்றன. என்னைக் கேட்டால், இந்த விதிப்புத்தகத்திலேயே புத்திசாலித்தனமான பக்கம் இதுதான்.

கண்ணை முழுக்க நம்பும் இடமும் ஒன்று இன்னும் இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்கோஷ் என்ற ஊரில் ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் விமானத் திருவிழா நடக்கும், 10,000 விமானங்கள் வந்துசேரும். ரிப்பன் என்ற ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு, 1,800 அடி, மணிக்கு 90 கடல் மைல், முன்னால் போகிறவருக்கு அரை மைல் பின்னால், ஒற்றை வரிசையாக வர வேண்டும். ஃபிஸ்க் என்ற கிராமத்தில் இளஞ்சிவப்புச் சட்டை போட்ட கன்ட்ரோலர்கள் பைனாகுலரோடு வெட்டவெளியில் நின்றுகொண்டு, 'வெள்ளைச் செஸ்னா, இறக்கையை ஆட்டுங்கள்' என்பார்கள். விமானி வாயைத் திறக்கக்கூடாது, இறக்கையை ஆட்டிக் காட்ட வேண்டும். ஓடுபாதையில் வண்ண வட்டங்கள் வரைந்திருக்கும். ஒருவரைப் பச்சையில் இறங்கச் சொல்வார்கள், அவருக்குப் பின்னால் வருகிறவரை அதே ஓடுபாதையில் ஆரஞ்சில். அந்த ஒரு வாரம் உலகிலேயே நெரிசலான டவர் அதுதான். எல்லோரும் ஒரே வேகம், ஒரே உயரம், ஒரே திசை, ஆள் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே தெரியும் என்றால் கண் நன்றாகவே வேலை செய்கிறது.

எங்கே இருக்கிறார் என்று தெரியாதபோது என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் மறுபடி பார்த்தோம். ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணி விமானத்தைப் பார்த்துவிட்டோம், நாங்களே விலகிக்கொள்கிறோம் என்றார்கள் ராணுவ ஹெலிகாப்டரில் இருந்தவர்கள். கன்ட்ரோலர் ஒப்புக்கொண்டார். 67 பேர் இறந்தார்கள். நாட்டிலேயே அதிகம் வேலி போட்ட ஆகாயத்துக்குள், இரண்டு பக்கமும் தொழில்முறை விமானிகள் இருந்தும், கடைசியில் இருட்டில் ஒரு ஜோடிக் கண்ணின் பொறுப்பில்தான் விட்டிருந்தார்கள்.

2020 ஜனவரி முதல், டிரான்ஸ்பாண்டர் கட்டாயமான ஆகாயத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு விமானமும் தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் துணையோடு கணித்து ஒலிபரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற விமானிகள் அதைத் தங்கள் டேப்லெட்டில் பார்த்துக்கொள்ளலாம். மின்சார அமைப்பே இல்லாத பழைய விமானங்களுக்கு விலக்கு உண்டு. 1940களில் செய்த பைப்பர் கப் அப்படிப்பட்டது, ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். 2025 ஆகஸ்டில் எஃப்.ஏ.ஏ. தொலைதூர ட்ரோன்களுக்காக வெளியிட்ட வரைவு விதி இந்த விலக்கில்தான் கைவைக்கிறது. ஒலிபரப்பும் விமானத்துக்கு ட்ரோன் வழிவிட வேண்டும். ஒலிபரப்பாத விமானம் என்றால், பல இடங்களில் அதுதான் ட்ரோனுக்கு வழிவிட வேண்டும். விமானிகள் சங்கங்கள் கடுமையாக எதிர்த்து எழுதியிருக்கின்றன. சில அடி அகலமே உள்ள ட்ரோனை, 500 அடி உயரத்தில் போய்க்கொண்டிருக்கும் கப் விமானி எத்தனை விநாடிக்கு முன்னால் பார்ப்பார் என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி.